தட்டையான டெல்டாவில் ஹெலிகாப்டர் காணாமல் போகுமா?

திருக்குவளையான் | 2 செப்டம்பர் 2024, காலை 7:40

ரஷ்யாவின் கம்சட்கா செய்தி பார்த்திருப்பீங்க. சனிக்கிழமை எரிமலை பார்க்கப் போன எம்ஐ-8 ஹெலிகாப்டர் 22 பேரோடு காணாமல் போச்சு. நேற்று 900 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் சிதைந்து கிடந்ததைக் கண்டுபிடிச்சிருக்காங்க. என் வாதம் இதுதான்: இந்தக் கதையெல்லாம் மலையும் மூடுபனியும் உள்ள ஆளில்லாத சீமையில்தான் நடக்கும். நம்ம டெல்டா தாம்பாளம் மாதிரி கிடக்குது. நாளைக்கே வேளாங்கண்ணியிலிருந்து கோடியக்கரை வரைக்கும் சுற்றிக்காட்ட ஒரு ஹெலிகாப்டர் விட்டாலும், அது விழுந்தால் களையெடுக்கிறவங்க பார்த்துச் சொல்லிடுவாங்க. காணாமல் போக வழியே இல்லை. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

அலைவரிசை406 | 2 செப்டம்பர் 2024, காலை 9:15

மறுக்கிறேன்.

மலை பெரிய தடைதான். ஆனால் தேடுதல் எவ்வளவு பெரிதாகும் என்பதைத் தீர்மானிக்கிறது, கடைசியாக எந்த நிமிஷத்தில் அது எங்கே இருந்தது என்று தெரியும் என்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 200 கி.மீ. வேகம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறைதான் இருப்பிடம் தெரிகிறது என்றால், அடுத்த தகவல் வராதபோது அது 33 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் எங்கேயும் இருக்கலாம். பரப்பு 3,490 சதுர கி.மீ. தஞ்சாவூர் மாவட்டம் மொத்தமும் அதற்குள் அடங்கும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தெரிந்தால் 140 சதுர கி.மீ. பதினைந்து நிமிஷம் என்றால் 7,850. நேரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும்.

இதில் ரேடாரை நம்பாதீங்க. சுற்றுலா ஹெலிகாப்டர் 300 மீட்டரில் பறக்கும். அந்த உயரத்தில் ரேடாரின் பார்வைக்கோடு சுமார் 70 கி.மீ., ஆன்டெனா மேட்டில் இருந்தால் இன்னும் கொஞ்சம். திருச்சியிலிருந்து கோடியக்கரை நேர்க்கோட்டில் 135 கி.மீ. பூமியின் வளைவு மறைத்துவிடும், மலையே தேவையில்லை.

கும்பகோணம்_டிகிரி | 2 செப்டம்பர் 2024, காலை 9:32

தஞ்சாவூரில் விமானப்படைத் தளமே இருக்கே சார்?

அலைவரிசை406 | 2 செப்டம்பர் 2024, காலை 9:50

அங்கேயிருந்தும் கோடியக்கரை 95 கி.மீ. அதோடு, ரேடார் வேலையே வேறு. டிக்கெட் வாங்கிப் பறக்கிற வண்டியை அவங்க உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டாங்க.

காரைக்கால்_கரை | 2 செப்டம்பர் 2024, பகல் 1:05

டெல்டாவில் காணாமல் போக வழியில்லை என்கிறவருக்கு: 2015 ஜூன் 8. கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் சிஜி-791. மாலையில் சென்னையிலிருந்து கிளம்பிக் கடற்கரைக் கண்காணிப்புக்கு வந்தது, மூன்று பேர். இரவு 9:23-க்குத் திருச்சி ரேடாரில் கடைசியாகத் தெரிந்தது காரைக்காலுக்கு வெளியே கடலில். அதன் பிறகு கப்பல்கள், விமானங்கள், கடற்படையின் நீர்மூழ்கி சிந்துத்வஜ், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக் கப்பல் சாகர் நிதி, கடைசியில் தனியார் எண்ணெய் நிறுவனத்தின் ஆழ்கடல் கப்பல் ஒலிம்பிக் கேன்யன் என்று எல்லாம் இறங்கின. ஜூலை 10-ல்தான் கருப்புப் பெட்டி கிடைத்தது. பிச்சாவரத்துக்கு நேரே, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஆழத்தில்.

ரேடாரில் இருந்தது, பயிற்சி பெற்ற ஆட்கள், தேடியதும் அதே படை. அப்படியிருந்தும் 32 நாள். சுற்றுலா ஹெலிகாப்டருக்கு இதில் பாதி வசதிகூட இருக்காது.

திருக்குவளையான் | 2 செப்டம்பர் 2024, பகல் 1:40

அது கடல். நான் சொன்னது தரை.

காரைக்கால்_கரை | 2 செப்டம்பர் 2024, பகல் 1:52

வேளாங்கண்ணி டூ கோடியக்கரை ஹெலிகாப்டர் தரைமேல் மட்டும் பறக்கும் என்று யார் சொன்னது? காசு கொடுத்தவங்க கடலைத்தான் பார்க்கணும் என்பாங்க.

ரோட்டர்_வல்லம் | 2 செப்டம்பர் 2024, இரவு 8:20

அலைவரிசை406 சொன்ன வட்டம் உச்சவரம்பு. நடைமுறையில் யாரும் முழு வட்டத்தையும் முதலில் தேட மாட்டாங்க. முதல் வேலை போகவேண்டிய பாதையின் மேலேயே ஒரு முறை, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முறை பறந்து பார்ப்பது. கம்சட்காவிலும் கடைசித் தொடர்பு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேதான் கிடந்தது.

அடுத்து, வானிலை மோசமானால் பைலட் என்ன செய்வார் என்று யோசிக்கணும். திரும்புவார், அல்லது தாழ இறங்கித் தரையில் தெரிகிற ஒரு கோட்டைப் பிடிப்பார். இங்கே அந்தக் கோடுகள் கிழக்குக் கடற்கரைச் சாலை, ரயில் பாதை, கொள்ளிடக் கரை, கடற்கரை விளிம்பு. அதனால் வந்த வழியையும் இந்தக் கோடுகளையும் பார்த்து முடித்த பிறகே கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடணும்.

தேடுகிறவர் கண் எட்டும் அகலத்தையும், ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் விடுகிற இடைவெளியையும் சமமாக வைத்தால், ஒருமுறை தேடியதில் கண்ணில் படும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம். அதே இடத்தை இன்னொரு முறை தேடினால் 86. “அந்தப் பக்கம் பார்த்தாச்சு, இல்லை” என்று யாராவது சொன்னால், அது அங்கேயே கிடந்தும் கண்ணில் படாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று அர்த்தம்.

மூடுபனிக்கு ரஷ்யா போக வேண்டாம். மார்கழி, தை விடியலில் நீர் நின்ற வயல்மேல் தரையோடு ஒட்டிப் பனி படரும், எட்டரை மணி வரைக்கும் கலையாது. மேலிருந்து நேர் கீழே பார்த்தால் தென்னந்தலை தெரியும், சாய்வாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கடல்மேல் வெயில் புகைச்சல் இருந்தால் வானமும் தண்ணீரும் ஒரே நிறம், அடிவானம் இருக்காது. 1954-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் 20 மாணவ விமானிகளை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 விநாடி. அது விமானத்தில். ஹெலிகாப்டர் இயல்பிலேயே நிலை நில்லாதது.

கும்பகோணம்_டிகிரி | 2 செப்டம்பர் 2024, இரவு 8:41

மூன்று நிமிஷம்கூட இல்லை. இங்கே ஒரு காபி ஆற்றி முடிக்க அதைவிட நேரம் ஆகும்.

திருக்குவளையான் | 3 செப்டம்பர் 2024, காலை 6:55

சரி, இதுக்குத்தானே தானாகச் சிக்னல் அனுப்புகிற கருவி வண்டியிலேயே இருக்கு? விழுந்ததும் செயற்கைக்கோள் பிடிச்சுக்குமே.

அலைவரிசை406 | 3 செப்டம்பர் 2024, காலை 10:30

பிடிக்கும், கருவி உயிரோடு இருந்தால். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலை செய்திருக்க வேண்டிய விபத்துகளில் 40 முதல் 60 சதவீதத்தில்தான் அது வேலை செய்தது. காரணங்கள்:

கருவி வாலில் பத்திரமாக இருக்கும், ஆன்டெனா வெளியே. மோதலில் இரண்டையும் இணைக்கிற கேபிள் அறுந்துவிடும். கருவி நல்லபடியாகச் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆன்டெனா இல்லாமல். இதுதான் ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. வண்டி கவிழ்ந்து ஆன்டெனா சேற்றுக்குள் போனாலும் அதே கதை.

இயங்கத் தொடங்கி சுமார் 50 விநாடி கழித்துத்தான் 406 மெகாஹெர்ட்ஸில் முதல் துடிப்பு போகும். அதன் பிறகு 50 விநாடிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் அரை விநாடி நீளம். எரிபொருள் தீப்பிடித்தால் அந்த முதல் நிமிஷத்திலேயே கதை முடிந்துவிடும். தண்ணீரில் மூழ்கினால் எத்தனை துடிப்பு அனுப்பினாலும் வெளியே வராது.

மோதலை உணர்ந்து கருவியை எழுப்புகிற அதிர்ச்சி சுவிட்ச் இன்னொரு தலைவலி. விமானம் முன்பக்கமாக மோதும், அதனால் ஒரு திசை மோதலை மட்டும் உணர்கிற ஒற்றை அச்சு சுவிட்சைப் பறக்கும் திசை நோக்கி மாட்டுவார்கள். ஹெலிகாப்டர் மேலிருந்து கீழாகவோ பக்கவாட்டிலோ விழும். அதற்கு ஒற்றை அச்சுக் கருவியை முன்னும் கீழும் சேர்ந்து 45 பாகை சாய்த்து மாட்டணும், இல்லையென்றால் எல்லாத் திசைக்கும் சுவிட்ச் உள்ள கருவி வேணும். விமானத்துக்கு வாங்கியதை ஹெலிகாப்டரில் அப்படியே நேராக மாட்டி வைத்தால் மெதுவான விழுகையில் அது முழிக்கவே முழிக்காது.

மிச்சமெல்லாம் மனிதர் வேலை. பராமரிப்புக்காக ஆஃப் செய்த சுவிட்சை மறுபடி ‘ஆர்ம்’ (தயார்) நிலைக்குக் கொண்டுவராதது. பேட்டரி தேதி தாண்டியது. வண்டி கைமாறிய பிறகும் பதிவு பழைய உரிமையாளர் பெயரிலேயே இருப்பது. ஒவ்வொரு கருவிக்கும் 15 இலக்க அடையாளம் உண்டு, நம்ம நாட்டுக்கு அந்தப் பதிவேடு பெங்களூருவில் இஸ்ரோ நடத்துகிற மையத்தில் இருக்கு. எச்சரிக்கை வந்ததும் முதலில் பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் போன் போகும், ஏனென்றால் வருவதில் பெரும்பாலானவை பொய் எச்சரிக்கை. அந்த எண் பழைய உரிமையாளருடையது என்றால் அங்கேயே அரை மணி நேரம் போச்சு.

ரோட்டர்_வல்லம் | 3 செப்டம்பர் 2024, காலை 11:10

சேர்த்துக்கங்க: 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் அலறுகிற பழைய கருவிகளைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. இப்போது அது பக்கத்தில் வந்த தேடல் விமானம் திசை பிடிக்க மட்டும்தான். 406-லும் ஜிபிஎஸ் இணைத்ததா என்று கேட்கணும். இணைத்திருந்தால் இருப்பிடம் நூறு மீட்டருக்குள் வரும், இல்லாவிட்டால் சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்.

மன்னார்குடி_டவர் | 3 செப்டம்பர் 2024, மாலை 4:45

போன் பற்றி யாரும் பேசலையே. 2022 மே மாதம் நேபாளத்தில் தாரா ஏர் விமானம் காணாமல் போனபோது கேப்டனின் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது, அதை வைத்துத்தான் இடத்தைச் சுருக்கினார்கள். டெல்டாவில் டவருக்குப் பஞ்சமில்லை, அதனால் இங்கே அது நல்ல வழி. ஆனால் சினிமாவில் வருகிற மாதிரி வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வராது.

கிடைப்பது மூன்று விஷயம்: எந்த டவர், அதன் எந்தப் பக்கம் (பெரும்பாலும் 120 பாகை), டவரிலிருந்து எவ்வளவு தூரம். தூரத்தின் படி 2ஜி-யில் சுமார் 550 மீட்டர், 4ஜி-யில் 78 மீட்டர். வரைபடத்தில் போட்டால் ஒரு வளைந்த பட்டை வரும். இரண்டு டவர் பதிவு இருந்தால் இரண்டு பட்டை வெட்டுகிற இடம். வானத்தில் இருக்கும்போது போன் தூரத்து டவரையெல்லாம் பிடிக்கும், ஆகையால் பறக்கும்போது பதிவானதை அப்படியே நம்பக்கூடாது. தரையில் விழுந்த பிறகு பதிவானதுக்குத்தான் மதிப்பு.

ஏறுகிறவங்க ‘ஃப்ளைட் மோடு’ போட்டுவிட்டால் எல்லாம் வீண். இன்னொன்று, வீட்டுக்காரங்க தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் தீரும். போலீசுக்குச் சொல்லிவிட்டு நிறுத்திடணும்.

அலையாத்திக்காடு | 4 செப்டம்பர் 2024, காலை 8:05

தரை, தரை என்கிறவருக்கு. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, காயலையும் சேர்த்துச் சுமார் 12,000 ஹெக்டேர். அதற்குள் களையெடுக்க யாரும் போறதில்லை. மரம் உயரமில்லை, ஆனால் தலை ஒன்றோடொன்று மூடியிருக்கும். வண்டி நேராக இறங்கினால் கிளை முறிந்த ஓட்டை வண்டி அகலத்துக்குத்தான் இருக்கும், சாய்வாகப் பார்க்கிற விமானத்திலிருந்து அது தெரியாது. கீழே முழங்கால் அளவு சேறு, சில இடத்தில் இடுப்பளவு. கனமான இயந்திரம் புதைந்து, வெளியே தெரிகிறது வால் மட்டும் என்று ஆகலாம். நடந்து போய்த் தேட முடியாது. வாய்க்கால் வழியாகப் படகில்தான் போகணும், அதுவும் கடல் ஏற்றம் இருக்கும்போதுதான்.

தென்னந்தோப்பும் அதே மாதிரிதான். கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள் இன்னும் இடைவெளி விட்டு நிற்கின்றன, ஆனால் தப்பித்த பழைய தோப்பில் மேலிருந்து தரை தெரியாது.

சம்பா நட்ட புதிதில் வயல் முழுக்கத் தண்ணீர். வெப்பக் கேமராவில் விடியலுக்கு முன்னால் தேடினால் இயந்திரச் சூடு தனியாகத் தெரியும், ஆனால் தண்ணீரில் விழுந்த இயந்திரம் சீக்கிரம் ஆறிவிடும். வெயில் ஏறினால் ஓட்டு வீடு, வரப்பு, போர்செட் எல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் எது எது என்று பிரிக்க முடியாது.

திருக்குவளையான் | 4 செப்டம்பர் 2024, காலை 8:30

அலையாத்தியை ஒத்துக்கிறேன். வயலை ஒத்துக்க மாட்டேன்.

காரைக்கால்_கரை | 4 செப்டம்பர் 2024, மாலை 6:15

வயலை வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு வருவோம், அங்கே விஷயம் நிறைய இருக்கு.

கோடியக்கரை முனையில் கரை திரும்புகிறது. அதற்குத் தெற்கே பாக் நீரிணை, ஆழம் பத்துப் பதினைந்து மீட்டருக்குள். கலங்கல் தண்ணீர், முக்குளிப்பவருக்குக் கை தெரியாது, ஆனால் படகில் கட்டி இழுக்கிற பக்கவாட்டு சோனாரில் ஒரு ஹெலிகாப்டர் சுலபமாகத் தெரியும். வடக்கே காரைக்கால், பிச்சாவரம் பக்கம் முப்பது கி.மீ. போனாலே ஆயிரம் மீட்டர். ஒரே டெல்டாக் கடலில் இரண்டு வேறு தேடல் திட்டம் வேணும். நீரிணைப் பக்கம் எல்லைக்கோடும் கிட்ட, அதனால் கொழும்பு மீட்பு மையத்தோடும் பேசணும்.

ஹெலிகாப்டரின் எடை மேலே: என்ஜின், கியர்பாக்ஸ், இறக்கை. தண்ணீரில் இறங்கினால் கவிழும். அவசர மிதவை ஊதினாலும் அலை பெரிதாக இருந்தால் கவிழ்ந்துதான் மிதக்கும். 2021 ஆகஸ்டில் அதே கம்சட்காவில், இன்னொரு எம்ஐ-8 குரில் ஏரியில் விழுந்தது. 16 பேரில் 8 பேர் நீந்தித் தப்பினார்கள், வண்டி நூறு மீட்டருக்கு மேல் ஆழத்தில் போய்க் கிடந்தது.

தண்ணீருக்கடியில் ‘டிக் டிக்’ என்று 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிற குமிழ் கருப்புப் பெட்டியோடு ஒட்டியது. கேட்கும் தூரம் ஒன்றிரண்டு கி.மீ., பழைய வகை 30 நாள், புதியது 90 நாள். டோர்னியரில் அது இருந்தது, அந்த ஒலிதான் சிந்துத்வஜுக்கு வழி காட்டியது. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயர் போன விமானப்படையின் ஏஎன்-32-ல் அது இல்லை. 29 பேர். கடலடியில் 3,400 மீட்டரில் சிதைவுகளைக் கண்டதாக அறிவித்தது 2024 ஜனவரியில், ஏழரை வருஷம் கழித்து. சின்ன சுற்றுலா ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் பெட்டியும் இருக்காது, குமிழும் இருக்காது.

மிதப்பதைத் தேடுவது தனி. நீவாடும் (கடல் நீரோட்டம்) காற்றும் இழுக்கும். வாடைக் காலத்தில், அக்டோபருக்கு மேல், கரையோர நீரோட்டம் தெற்கே போகும். கோடைக்கு முன்னால் வடக்கே. நாகப்பட்டினத்துக்கு நேரே விழுந்த இருக்கை மெத்தை நவம்பரில் கோடியக்கரையிலும் மார்ச்சில் கடலூர்ப் பக்கமும் ஒதுங்கலாம். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் 2016 முதல் ‘சாரத்’ என்று ஒரு கருவி வைத்திருக்கு. கடைசி இடம், நேரம், காணாமல் போனது ஆளா படகா என்ன வகை என்று கொடுத்தால் தேட வேண்டிய பரப்பை வரைந்து தரும். உயிர்காப்பு உடுப்பு போட்ட ஆளும், கவிழ்ந்த படகும் ஒரே வேகத்தில் போறதில்லை, அதனால் வகை முக்கியம்.

கும்பகோணம்_டிகிரி | 5 செப்டம்பர் 2024, காலை 7:20

என் பெயருக்கு ஏற்ற விஷயம் ஒன்று சொல்கிறேன். டிகிரி குழப்பம்.

வயர்லெஸ்ஸில் ஒருவர் “பத்து நாற்பத்தாறு பூஜ்யம் வடக்கு, எழுபத்தொன்பது ஐம்பது ஐந்து கிழக்கு” என்கிறார். அது 10 பாகை 46.0 நிமிடம், 79 பாகை 50.5 நிமிடம். நாகப்பட்டினம். எழுதிக்கொண்டவர் 10.460, 79.505 என்று போனில் தட்டுகிறார். காட்டுகிற இடம் முத்துப்பேட்டைப் பக்கம், ஐம்பது கி.மீ. தள்ளி. பாகைக்கு அறுபது நிமிடம் என்பதை மறந்ததுதான் தப்பு. சொல்லும்போது “பாகை”, “நிமிடம்”, “புள்ளி” மூன்றையும் வாயால் சொல்லணும், கேட்டவர் திருப்பிச் சொல்லணும். பக்கத்து ஊர் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டால் இரண்டும் பொருந்துகிறதா என்று உடனே தெரியும்.

திருக்குவளையான் | 5 செப்டம்பர் 2024, இரவு 9:00

கேட்டதுக்குப் பலன் உண்டு. இப்போ ஒருத்தர் டிக்கெட் எடுக்கப் போறார்னா கவுண்டரில் என்ன கேட்கணும்? நாலு வரியில் சொல்லுங்க.

ரோட்டர்_வல்லம் | 6 செப்டம்பர் 2024, காலை 6:40

நாலு வரியில் முடியாது.

இருப்பிடம் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை போகிறது, அதைத் தரையில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். “ஜிபிஎஸ் இருக்கு” என்பது பதில் இல்லை. ஜிபிஎஸ் பைலட்டுக்கு வழி காட்டும், ஊருக்குச் சொல்லாது. செயற்கைக்கோள் வழியாக இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அனுப்புகிற பெட்டி, இரண்டு துடிப்பு தவறினால் பைலட்டைக் கூப்பிட ஒரு ஆள், பதில் இல்லையென்றால் அடுத்து எந்த எண் என்று எழுதிய தாள். இந்த மூன்றும் இருந்தால் 406 கருவி கெட்டாலும் 140 சதுர கி.மீ.க்குள் தேடலாம். இல்லாத இடத்தில், திரும்ப வேண்டிய நேரம் தாண்டி அரை மணி கழித்துத்தான் சந்தேகமே ஆரம்பிக்கும்.

எடை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். வாயால் கேட்டு எழுதிக்கொண்டால் ஏறாதீர்கள்.

கடல்மேல் பறந்தால் உயிர்காப்பு உடுப்பு இடுப்பில் பையாகக் கட்டியிருக்கணும், இருக்கைக்கு அடியில் இருந்தால் கவிழ்ந்த வண்டியில் கைக்கு எட்டாது. உள்ளே வைத்து ஊதக்கூடாது, ஊதினால் கூரையோடு ஒட்டிக்கொண்டு கதவுக்குக் கீழே போக முடியாது. ஒரு கை கதவுச் சட்டத்தில், இறக்கை நின்ற பிறகு பெல்ட்டை அவிழ்த்து அந்தக் கையின் வழியே வெளியேறணும்.

அலைவரிசை406 | 6 செப்டம்பர் 2024, காலை 7:25

கையடக்க 406 பீக்கன் (ஆபத்துச் சிக்னல் கருவி) வைத்திருந்தால் ஆன்டெனாவை நிமிர்த்தி வானம் தெரிகிற இடத்தில் வைக்கணும், குறைந்தது 24 மணி நேரம் ஓடும். அனுமதி இல்லாத செயற்கைக்கோள் போனையும் செய்திக் கருவியையும் வெளிநாட்டுக்காரர் காட்டினார் என்று வாங்கி வராதீங்க, நம்ம சட்டத்தில் சிக்கல்.

அலையாத்திக்காடு | 6 செப்டம்பர் 2024, காலை 8:10

டிக்கெட் எடுக்காதவங்களுக்கும் ஒரு வேலை உண்டு. 2023 ஜூலையில் எவரெஸ்ட் பக்கம் சுற்றுலா முடித்துத் திரும்பிய மனங் ஏர் ஹெலிகாப்டர் தொடர்பிழந்த சில மணி நேரத்தில் கிடைத்தது, சத்தம் கேட்ட ஊர்க்காரங்க சொன்னதால். 2009 செப்டம்பரில் அப்போதைய ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி போன ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது. ஆள் நடமாட்டமில்லாத இடம், விமானப்படையே இறங்கியும் மறுநாள் காலைதான் கிடைத்தது.

சத்தம் கேட்டவர் சொல்ல வேண்டியது: மணி (போனைப் பார்த்து, குத்துமதிப்பாக வேண்டாம்), எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது, சத்தம் தேய்ந்து மறைந்ததா சட்டென்று நின்றதா. தேய்ந்தால் தாண்டிப் போயிருக்கு, சட்டென்று நின்றால் பக்கத்தில். மண்ணெண்ணெய் வாடை வந்தால் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்றும் சேர்த்துச் சொல்லணும். தரை என்றால் 112, கடல் என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

திருக்குவளையான் | 6 செப்டம்பர் 2024, காலை 8:25

112-ல் எடுக்கிறவருக்கு நம்ம ஊர் தெரியணுமே. ஒரே பேரில் தாலுகாவுக்கு ஒரு ஊர் இருக்கு இங்கே.

அலையாத்திக்காடு | 6 செப்டம்பர் 2024, காலை 8:31

அதான் தாலுகாவையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கண்ணுக்குத் தெரிகிற கிலோமீட்டர் கல் எண்ணையும் சேர்த்துச் சொல்லணும். சாலைக்குத் தள்ளி இருந்தால் போனில் வரைபடத்தைத் திறந்து விரலை அழுத்தினால் எண் வரும், அதைப் படிக்கலாம். புள்ளி வைத்த எண்ணாகத்தான் வரும், டிகிரிக்காரர் கவலைப்பட வேண்டாம்.